முப்பத்தெட்டாவது சதுரம்

முப்பத்தேழு. வசுமதி மறுபடியும் எண்ணினாள். முதல் பக்கத்தில் ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து முகங்கள், அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த பக்கத்தில் பன்னிரண்டு, கடைசியில் முகமே இல்லாத ஒரு கறுப்புச் சதுரம், அதன் நடுவில் வெள்ளை எழுத்தில் ‘அலுவலகம்’. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது எஸ்தர் மேடம், துணை முதல்வர். இரண்டு வாரமாக ஆறாம் வகுப்பு சி பிரிவின் எல்லாப் பாடவேளைக்கும் வந்து சத்தமில்லாமல் உட்காருகிறார். எல்லாரும் கேமரா போட்டாக வேண்டும் என்று முந்தாநாள் சுற்றறிக்கை அனுப்பியவர், தான் மட்டும் போடுவதில்லை. ஆக முப்பத்தேழுதான். இருக்க வேண்டியது முப்பத்தெட்டு. இல்லாதது வரிசை எண் இருபத்தொன்று, க. மோனிஷா. மணி பதினொன்று பதினான்கு. பதினொன்று இருபதுக்கு வகுப்பைப் பூட்டிவிட வேண்டும், அதுவும் சுற்றறிக்கையில் இருக்கிறது, தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் உள்ளே விடக் கூடாது. இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது, ஆறு நிமிடம் என்பது கொஞ்ச நேரம் இல்லை, ஆறு நிமிடத்தில் ஒரு பிள்ளை முகம் கழுவி, பொட்டு வைத்து, போனை எடுத்து, உட்கார்ந்துவிடலாம், வர வேண்டும் என்று நினைத்தால். “மிஸ், நீங்க மியூட்ல இருக்கீங்க மிஸ்!” என்று கௌதம் கையை ஆட்டினான். அவள் மியூட்டில் இல்லை. பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். “இல்லப்பா, இருக்கேன், இருக்கேன். நோட்டு எடுத்தாச்சா எல்லாரும்? இன்னிக்கு விடுப்புக் கடிதம்.”

விடுப்புக் கடிதம். இருபத்திரண்டு வருடமாக நடத்துகிற பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, பொருள். திரையில் வெள்ளைப் பலகையைத் திறந்து ‘அனுப்புநர்’ என்று தட்டினாள். விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன, கண் மட்டும் பலகையின் ஓரத்துக்குப் போய்ப் போய் வந்தது, காத்திருப்பு அறையில் யாராவது வந்து நின்றால் அங்கேதான் ஒரு சின்னப் பட்டை முளைக்கும், பெயரோடு, ‘உள்ளே விடவா?’ என்ற கேள்வியோடு. பட்டை முளைக்கவில்லை. வாசலில் யாரும் இல்லை. “மிஸ், லீவு எதுக்குன்னு எழுதணும் மிஸ்?” “ஒடம்பு சரியில்லன்னு எழுதுடா, எப்பவும் அதான்.” “மிஸ், ஸ்கூலே லீவுதானே மிஸ், எதுக்கு லெட்டர்?” முப்பத்தேழு சதுரங்களும் சிரித்தன, சிரிப்பு வருவதற்குள் சில சதுரங்களில் வாய் மூடியிருந்தது, சத்தம் பின்னாலேயே வந்தது. வசுமதியும் சிரித்தாள். தன் சதுரத்தில் தன் முகம் சிரிப்பதை அவளே பார்த்தாள். ஏழு மாதமாக இந்தத் தண்டனை, பாடம் நடத்துகிற தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது. வகுப்பறையில் இருபத்திரண்டு வருடம் அவளுக்கு முகமே இருந்ததில்லை, குரலும் சாக்பீசும்தான் இருந்தன. இந்த முகத்துக்குப் பின்னால் மாம்பழ நிறத்தில் ஒரு திரை. அக்கா மகன் கல்யாணத்துக்கு மண்டபத்தில் கட்டி மிச்சமான துணி, அதைப் படுக்கையறையின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், பின்னால் இருக்கும் துருப்பிடித்த பீரோவும், சுவரில் பம்பாய் வரைபடம் மாதிரி பரவியிருக்கிற ஈரக்கறையும், லுங்கியோடு நடமாடும் கணவரும் தெரியக் கூடாதென்று. முதல் நாளே கட்டியது. முதல் நாளே தோன்றியது அவளுக்கு, தனக்கு. மற்றவர்களுக்கும் அப்படி ஒரு திரை வேண்டியிருக்கும் என்று ஏன் தோன்றவில்லை.

“உடல்நலக் குறைவு காரணமாக” என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். மோனிஷா என்ன காரணம் எழுதுவாள்? நேற்று நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று எல்லாரும் பார்த்துவிட்ட காரணத்தால். அதற்கு எத்தனை நாள் விடுப்பு கேட்பது? ஒரு நாளா, இரண்டு நாளா, இல்லை கலா நேற்று சாயங்காலம் போனில் சொன்ன மாதிரி ஒரேயடியாகவா? கலா, மோனிஷாவின் அம்மா. “அவ வரமாட்டேங்குறா மிஸ். போனைக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடிட்டா. அந்த ஆப்பையே அழிச்சிட்டா. டீசி வாங்கிரும்மாங்குறா, கார்ப்பரேசன் ஸ்கூலுக்குப் போறேங்குறா. நான் என்ன மிஸ் பண்ணட்டும், எனக்கே நாளைக்கு அந்த வீட்டுல போய் எப்படி நிக்கிறதுன்னு தெரியல.” வசுமதி என்ன சொன்னாள்? நாளைக்கு ஒரு நாள் வரச் சொல்லுங்க என்றாள். நான் பார்த்துக்கறேன் என்றாள். எதைப் பார்த்துக்கொள்வது என்று கலாவும் கேட்கவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. எல்.கே.ஜி.யிலிருந்து இட ஒதுக்கீட்டில் படிக்கிற பிள்ளை, கட்டணம் இல்லாத இருபத்தைந்து சதவீதத்தில் ஒன்று, இன்று வராவிட்டால் நாளை வரமாட்டாள், நாளை வராவிட்டால் அடுத்த வாரம் கலா வெயிலில் வந்து பள்ளி வாசலில் நிற்பாள், மாற்றுச் சான்றிதழுக்கு. ஏழு வருடம் ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். மணி பதினொன்று பதினாறு.

நேற்றும் இதே நேரம்தான். நேற்று பதினொன்று பதினாறுக்கு எல்லாம் சரியாக இருந்தது. இருபத்தொன்றாம் எண் கறுப்பாக இருந்தது, வழக்கம்போல. ‘அலுவலகம்’ என்ற கறுப்புச் சதுரத்திலிருந்து அவளுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. ‘21 ஏன் கேமரா போடவில்லை? கேளுங்கள்.’ வசுமதி கேட்டாள். எத்தனை மெதுவாகக் கேட்டாள், எத்தனை பொறுமையாக, தேன் தடவின குரலில். “மோனிஷா, கேமரா போடும்மா. எல்லாரும் போட்டிருக்காங்க பாரு. போடலன்னா இன்னிக்கு வருகை குறிக்க முடியாதும்மா.” மறுபடியும் கூப்பிட்டாள். “மோனிஷா, மிஸ் காத்துக்கிட்டிருக்கேன்.” அப்போது போட்டாள். கறுப்பு விலகி, முதலில் வெளிச்சம், பிறகு ஒரு பிள்ளையின் பாதி முகம், அதற்குப் பின்னால் வெள்ளையாக ஒரு துணி துவைக்கும் இயந்திரம், அதன் மேல் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். வசுமதி அந்தப் பட்டாம்பூச்சியைப் பார்த்து, அழகாக இருக்கிறதே, என்று சொல்லக்கூட வாயெடுத்தாள். அதற்குள் இருபத்தொன்பதாம் எண், சம்ஹிதா, இந்த வருடம்தான் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தவள், பள்ளிக் கட்டடத்தைக்கூட இன்னும் பார்க்காதவள், துள்ளிவிட்டாள். “மிஸ்! மிஸ்! அது எங்க வீட்டு வாஷிங் மெஷின்! அந்த ஸ்டிக்கர் நான் ஒட்டினது மிஸ்!” சந்தோஷத்தில்தான் சொன்னாள். அதில் கெட்ட எண்ணம் இல்லை, தொலைந்துபோன பொம்மை கிடைத்த மாதிரிச் சந்தோஷம். டேப்லெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள், அவள் சதுரத்தில் கதவும் சுவரும் ஃபேனும் சுழன்றன, பிறகு நின்றது. அப்போது இரண்டு சதுரங்களில் ஒரே இடம் தெரிந்தது. சம்ஹிதாவின் சதுரத்தில், பின்பக்கத்து பால்கனியில் கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல் தமிழ்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் மோனிஷா, நிமிர்ந்து பார்க்கிறாள். மோனிஷாவின் சதுரத்தில், வாசற்படியில் வெள்ளைச் சாக்ஸோடு நின்று டேப்லெட்டை நீட்டும் சம்ஹிதா, குனிந்து பார்க்கிறாள். “கலா ஆன்ட்டி பொண்ணு! நீயா மோனிஷா?” யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். யாரோ, “மிஸ், ரெண்டு பேரும் ஒரே வீடா மிஸ்?” என்றார்கள். அதற்கும் யாரோ பதில் சொல்லிவிட்டார்கள், “இல்லடா, அவங்கம்மா அங்க வேலை செய்யுறாங்க.” இருபத்தொன்று மறைந்தது. கறுப்பாகக்கூட இல்லை. சதுரமே இல்லாமல் போய், மற்ற சதுரங்கள் நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டன.

“மிஸ், அனுப்புநர்ல என்ன எழுதணும்?” “வீட்டு முகவரி” என்றாள் வசுமதி, தட்டினாள், திரையில் அது வந்து உட்கார்ந்தது. தலைகள் குனிந்தன. கணவர் திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார், “வசு, பீரோவைத் திறக்கலாமா? கிறீச்சுனு கத்துமே?” அவள் தலையை அசைக்காமல், கேமராவுக்குத் தெரியாமல், ஒரு விரலை மட்டும் ஆட்டினாள், வேண்டாம். அவர் வந்த மாதிரியே போனார், பூனை நடை, ஏழு மாதத்தில் நன்றாகவே பழகிவிட்டார். எதிலிருந்து எது வந்தது என்று அவள் மனம் பின்னால் போயிற்று, நேற்றிலிருந்து சுற்றுகிற சுற்று அது. மோனிஷா ஏன் தெரிந்தாள்? கேமரா போட்டதால். ஏன் போட்டாள்? வசுமதி சொன்னதால். வசுமதி ஏன் சொன்னாள்? சுற்றறிக்கை வந்ததால். சுற்றறிக்கை ஏன் வந்தது? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனம் கால் வைக்க மறுத்தது, சேற்றைக் கண்ட மாடு மாதிரி நின்றது. சுற்றறிக்கை ஏன் வந்தது என்றால், இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, கௌதம் உள்ளே இருக்கும்போதே இன்னொரு கௌதம் வந்து வாசலில் நின்றான். ‘11 கௌதம்’ என்று அதே மாதிரி எழுதியிருந்தது. நெட் அறுந்து மறுபடி வருகிறான் போல என்று அவள் விட்டுவிட்டாள், ஒரு நாளைக்கு ஐந்து பேர் அப்படி வருவார்கள். அது கௌதம் இல்லை. ஒரு ஆண்பிள்ளையின் முரட்டுக் குரல். அது பேசிய சொற்களை அவள் இன்றுவரை தன் மனதுக்குள்கூடத் திருப்பிச் சொல்லிப் பார்த்ததில்லை. பிறகு ஒரு படம். வெளியேற்றும் பொத்தான் எங்கே என்று தேடினாள், பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி, அதைத் தொட்டால் பட்டியல், பட்டியலில் எங்கோ கீழே, விரல் எங்கெங்கோ தொட்டது, கடைசியில் லேப்டாப்பின் மூடியைப் படாரென்று மூடிவிட்டாள். மூடினால் எல்லாம் அணைந்துவிடும் என்று நினைத்தாள். வகுப்பறைக் கதவைச் சாத்துகிற மாதிரி. அணையவில்லை. அவள் இடம் மட்டும்தான் அணைந்தது. உள்ளே முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அந்தக் குரலும் மட்டும், டீச்சர் இல்லாமல், நான்கு நிமிடம். ஒரு அம்மா போன் செய்து, “மிஸ், என்ன நடக்குது அங்க, நீங்க எங்க?” என்று அலறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

எப்படி வந்தான்? அதைத்தான் பள்ளி விசாரித்தது. ஏதோ ஒரு பிள்ளை லிங்க்கை வெளியே கொடுத்திருக்கிறது என்று முடிவானது. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள், உன் அண்ணனுக்குக் கொடுத்தியா, உன் ஃபிரெண்டுக்குக் கொடுத்தியா. கௌதம் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவன் பாட்டனார் சொன்னார். வசுமதியையும் கேட்டார்கள். “குழுவில்தான் போட்டேன், மேடம்” என்றாள். குழுவில்தான் போட்டாள், பத்து ஐம்பத்தைந்துக்கு. அதற்கு முன்னால், பத்து இருபதுக்கு, அவசரத்தில், குக்கரில் பருப்பு வைத்துக்கொண்டே, கண்ணாடி போடாமல், ஆறு சி குழுவில் போடுவதாக நினைத்து, தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் லிங்க்கைப் போட்டிருந்தாள், ‘11 கௌதம் என்பதுபோல வரிசை எண்ணோடு பெயர் போட்டு வரவும்’ என்ற குறிப்போடு. பச்சை வட்டம் போட்டு அது அவள் பெயருக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து நிமிடம் எரிந்துகொண்டிருந்தது. பால் போடுகிறவர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், கல்யாண மண்டப மேனேஜர், பழைய மாணவர்களின் அண்ணன்கள், யார் யாரோ அவள் போனில் இருந்தார்கள். அழிக்கும்போது பார்த்தாள், ஒரு சின்னக் கண் படம், அதற்குப் பக்கத்தில் எண். முப்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். அந்த எண்ணை அவள் யாருக்கும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளைச் சந்தேகப்பட்டார்கள், பிள்ளைகள் முகத்தைக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது, அந்த விதியை அவளே படித்துக் காட்டினாள், அந்த விதிதான் ஒரு பக்கெட்டின் மேல் விரித்த புத்தகத்தில் வந்து முடிந்தது. இவ்வளவு தூரம் ஒரு கோடு போட்டமாதிரி வருகிறதே, நடுவில் எங்காவது அறுந்திருக்கக் கூடாதா?

மணி பதினொன்று இருபது. விரல் பூட்டுகிற பொத்தானுக்குப் போகவில்லை. “பெறுநர், தலைமை ஆசிரியர் அவர்கள்” என்று சொன்னாள். பதினொன்று இருபத்தொன்று. ‘நேரம் ஆகிவிட்டது, பூட்டுங்கள்’ என்று அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. பார்க்காத மாதிரி இருந்தாள். நாற்பது நிமிடத்தில் இந்தக் கூட்டம் தானாகவே அறுந்துவிடும், காசு கட்டாத கணக்கு, பதினொன்று ஐம்பதுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் எல்லாரும் இருட்டில் விழுவார்கள், அதுவரைக்கும் ஓட்டிவிடலாம். சம்ஹிதா இன்று துள்ளவில்லை. கேமரா போட்டிருந்தாள், முகம் மட்டும் மேசைக்குக் கீழே பாதி இறங்கியிருந்தது, நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தன. அவள் வீட்டில் நேற்று என்ன நடந்திருக்கும்? அவள் அம்மா நல்லவர்தான். வைஃபை கடவுச்சொல்லைக் கலாவுக்குக் கொடுத்தவர் அவர்தானே, பிள்ளை பால்கனியில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று. சம்ஹிதாவுக்கு மட்டும் சொல்லவில்லை, அல்லது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, வேலைக்காரம்மா பெண் பின்பக்கம் இருப்பாள் என்பதில் சொல்ல என்ன இருக்கிறது. மோனிஷாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, ஜூனிலிருந்தே. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சம்ஹிதா ‘உள்ளேன் மிஸ்’ என்று கத்துவது இந்தப் பக்கம் இரண்டு தடவை கேட்டிருக்கும், சுவர் வழியாக ஒன்று, போன் வழியாக ஒன்று. அப்போது சட்டென்று, பல்லில் ஐஸ் பட்ட மாதிரி, வசுமதிக்கு அந்தக் கூச்சல் நினைவுக்கு வந்தது. ஜூலையில், ஆகஸ்டில், இரண்டு மைக்குகள் சேர்ந்தால் வருகிற ஊளைச் சத்தம். மோனிஷா பதில் சொல்ல வாயைத் திறந்தால் போதும், காது கிழியும், எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். “யாரு வீட்டுல டிவி ஓடுது? மோனிஷா, நீயா? மியூட் பண்ணும்மா” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். சம்ஹிதாவின் மைக் எப்போதும் திறந்தே இருக்கும், பேசிக்கொண்டே இருக்கிற பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு தடவைகூடச் சந்தேகம் போகவில்லை. அப்புறம் மோனிஷா பேசுவதை நிறுத்திவிட்டாள். காலாண்டு அறிக்கையில் அவள் பெயருக்கு நேரே வசுமதி தன் அழகான குண்டு எழுத்தில் எழுதினாள், ‘வகுப்பில் பங்கேற்பு குறைவு’.

பட்டை முளைத்தது. பதினொன்று இருபத்தாறு. ‘கலா’ என்று எழுதியிருந்தது. வரிசை எண் இல்லை, மோனிஷா என்று இல்லை, வெறும் கலா. ‘உள்ளே விடவா?’ வசுமதியின் விரல் போய் நின்றது. ஆப்பை அழித்துவிட்டாள் என்றார்கள், மறுபடி ஏற்றியிருந்தால் போன்காரரின் பெயர்தானே வரும், கலாவின் போன்தானே, சரியாகத்தானே இருக்கிறது. இல்லை, அன்றைக்கு ‘11 கௌதம்’ என்பதும் சரியாகத்தான் இருந்தது. நேற்று நடந்தது எத்தனை வீட்டுக்குத் தெரியும், எத்தனை அண்ணன்கள் சிரித்திருப்பார்கள், கலா என்று ஒரு பெயரைப் போட்டுக்கொள்ள யாருக்கு எவ்வளவு நேரமாகும்? மறுபடி அந்தக் குரல் வந்தால்? மறுபடி அந்தப் படம் வந்தால்? அந்தப் பக்கம் மோனிஷாதான் என்றால், அவள் முன்னால் இப்போது ஒரு வெற்றுத் திரை இருக்கும், ‘காத்திருக்கவும், ஆசிரியர் விரைவில் உள்ளே அனுமதிப்பார்’ என்று. எத்தனை நொடி காத்திருப்பாள்? அரிசி டின்னுக்கு எத்தனை தூரம்? வசுமதி மூன்று புள்ளி எங்கே இருக்கிறது, வெளியேற்றும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் தொட்டு வைத்துக்கொண்டாள். இரண்டு வாரமாகத் தினமும் காலையில் கணவரைப் போனில் உள்ளே வரச் சொல்லி, அவரை வெளியேற்றிப் பழகியிருக்கிறாள், “என்னை இத்தனை தடவை வெளியே தள்ளுறியே” என்று அவர் சிரிப்பார். இரண்டு தொடுகை. ஒன்றரை நொடி. பட்டையைத் தட்டினாள்.

முப்பத்தெட்டாவது சதுரம் வந்தது, கறுப்பாக. “மிஸ், வந்துட்டா!” “மிஸ், கேமரா ஆன் பண்ணச் சொல்லுங்க மிஸ்.” “டேய், சும்மா இருடா.” “ரூல்தானே மிஸ்?” செய்திப் பெட்டியில் சிவப்பாக ஒன்று, பிறகு இரண்டு. ‘யார் இது? கேமரா?’ வசுமதி வாயைத் திறந்தாள், மோனிஷா, கேமரா, என்று அந்தத் தேன் குரல் தொண்டை வரை வந்து நின்றது. அதை விழுங்கினாள். விழுங்கும்போது திரையில் தன் முகம் விழுங்குவதைப் பார்த்தாள், பின்னால் மாம்பழத் திரை, அதற்குப் பின்னால் பீரோ, அதற்கும் பின்னால் முப்பத்தொன்று என்ற எண். “பிள்ளைங்களா, பென்சிலைக் கீழ வைங்க” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஒரு ஆள் உள்ள வந்தான் இல்லையா. லிங்க்கை உங்கள்ல யாரோ வெளிய குடுத்துட்டீங்கன்னு சொன்னோம். கௌதமைக்கூடக் கேட்டோம். யாரும் குடுக்கல. நான்தான். குரூப்புல போடறதுக்குப் பதிலா என் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேன். முப்பத்தொரு பேர் பாத்துட்டாங்க. அப்புறம் பயத்துல லேப்டாப்பை மூடிட்டு உங்களைத் தனியா விட்டுட்டேன். இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல.” சதுரங்கள் அசையவில்லை. நெட் உறைந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு கௌதம், “அப்ப நான் இல்லையே மிஸ்?” என்றான், மெதுவாக. “நீ இல்லப்பா. நீ இல்லவே இல்ல.” அவன் திரும்பி வீட்டுக்குள் கத்தினான், “தாத்தா! நான் இல்லையாம்!” ‘அலுவலகம்’ கறுப்பாகவே இருந்தது. சிவப்பு எண் மூன்றானது. அவள் திறக்கவில்லை.

“இப்ப எல்லாரும் கேமராவை அணைச்சிருங்க. எல்லாரும். நானும் அணைக்கிறேன். முகம் பாத்துக் கண்டுபிடிக்க வேண்டாம், எனக்கு உங்க குரல் தெரியும். ஒண்ணுலேர்ந்து கூப்பிடுவேன், தெரியாத குரல் வந்தா அந்த நிமிஷமே வெளிய அனுப்பிருவேன், எங்க அமுக்கணும்னு இப்ப எனக்குத் தெரியும்.” ஒவ்வொன்றாகச் சதுரங்கள் இருண்டன, தெருவில் கடைகள் மூடுகிற மாதிரி. கடைசியாக அவள் முகமும் போயிற்று, அப்பாடா என்று இருந்தது. “ஒண்ணு.” “உள்ளேன் மிஸ்.” “ரெண்டு.” “உள்ளேன் மிஸ்.” ஜூனில் ‘உள்ளேன் அம்மா’ என்றுதான் சொல்ல வைத்தாள், தமிழ் வகுப்பின் வழக்கம் அது. பிள்ளைகள் ‘அம்மா’ என்றதும் நாலு வீட்டில் அடுப்படியிலிருந்து, “என்னடா?” என்று பதில் வந்ததால் விட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து, மூக்கடைப்புக் குரல், எப்போதும் சளி. எட்டு, சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு. பதினொன்று, இன்றைக்கு ஒரு படி சத்தமாக. பதினான்கு, சாப்பிட்டுக்கொண்டே. இருட்டில் ஒவ்வொருவரும் முழுசாக வந்து நின்றார்கள், சதுரத்துக்குள் அடங்காமல். பத்தொன்பது. இருபது. இந்த எண்ணைச் சொன்ன பிறகு ஒரு முரட்டுக் குரல் வந்தால் கேட்கப் போவது முப்பத்தேழு பிள்ளைகள், சொல்லாமல் விட்டால் கேட்காமல் போவது ஒரு பிள்ளை. விரலை மூன்று புள்ளியின் மேல் வைத்துக்கொண்டாள். “இருபத்தொண்ணு.”

கறுப்புச் சதுரத்தின் மூலையில் மைக் படம் சிவப்பாகவே இருந்தது. பிறகு சிவப்பு போயிற்று. உடனே அந்த ஊளை, காது கிழிகிற அதே கூச்சல், ஜூலை, ஆகஸ்டு, எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. வசுமதியின் வாயில், யாரு வீட்டுல, என்று வந்துவிட்டது, உதட்டைக் கடித்து நிறுத்தினாள். கூச்சலுக்கு நடுவே சம்ஹிதாவின் குரல் கேட்டது, “மிஸ், இருபத்தொம்பது பேசறேன். என் மைக்தான் மிஸ் ஆன்ல இருக்கு. எப்பவும் என்னுதுதான். நான் மியூட் பண்ணிக்கறேன், அவ பேசட்டும்.” கூச்சல் கத்தரித்த மாதிரி நின்றது. அந்த நிசப்தத்தில் ஒரு குழாய் சொட்டுவது கேட்டது. ஒரு குக்கர் ஒரு விசில் விட்டது. “உள்ளேன் மிஸ்.” கொஞ்சம் கரகரப்பாக, வெகுநாள் பேசாத குரல், ஆனால் அவளேதான், ‘ள்’ளை அழுத்திச் சொல்கிற பிள்ளை அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். வசுமதியின் விரல் மூன்று புள்ளியிலிருந்து எழுந்தது. இருபத்திரண்டு என்று சொல்ல வேண்டும். அதற்குள் அந்தக் குரலே மறுபடி வந்தது.

“மிஸ், பலகையில அனுப்புநர்னு போட்டு வீட்டு முகவரின்னு எழுதியிருக்கீங்க” என்றாள் மோனிஷா. “எந்த வீடு மிஸ் எழுதணும்?” வசுமதி கண்ணைத் திறந்து பலகையைப் பார்த்தாள். வீட்டு முகவரி. அவள் கையால்தான் தட்டியிருக்கிறாள், அத்தனை பெரிய எழுத்தில். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் செய்யாத தப்பு. மாணவர் எழுதுகிற விடுப்புக் கடிதத்தில் வீட்டு முகவரி எங்கிருந்து வந்தது? “இல்லம்மா, மிஸ் தப்பா எழுதிட்டேன்” என்றாள். “பேரு எழுது. அதுக்குக் கீழ ஆறாம் வகுப்பு, சி பிரிவு. அதுக்குக் கீழ நம்ம பள்ளிக்கூடம், திருச்சி. அவ்வளவுதான். வீடு வேண்டாம்.” பலகையில் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மணி பதினொன்று நாற்பத்தொன்று. இருட்டுச் சதுரங்களில் எங்கிருந்தோ, மியூட் செய்ய மறந்த ஒரு பிள்ளையிடமிருந்து, தாளில் ரப்பர் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. இன்னும் பதினேழு பேர் பாக்கி. “இருபத்திரண்டு” என்றாள்.